எந்த எண்ணெய் வாங்குவது? மலையகச் சமையலறைக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்த டவுன் கடைக்குப் போனாலும் எண்ணெய்த் தட்டில் எத்தனையோ போத்தல்கள். எல்லாவற்றிலும் இதயம் படம் போட்டிருக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில். இவை பெரியவர்களுக்கானவை, சின்னப் பிள்ளைகளின் கணக்கு வேறு, அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தை என்றால் "அளவு". அதற்கு மேல் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுவது பெரும்பாலும் இந்த வகைதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைப்படி ஒரு நாளைக்குக் கிடைக்கும் மொத்தச் சக்தியில் நிரம்பிய கொழுப்பின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது ஏறக்குறைய 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே 12 கிராம் போய்விடும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம், நம் வீட்டில் தேங்காய் மூன்று வழியாகச் சாப்பாட்டுக்குள் வருகிறது என்பது. எண்ணெயாக ஒன்று, பாலாக ஒன்று, துருவலாக ஒன்று. ஒரு சாதாரண நாளை எடுத்துப் பாருங்கள். காலையில் ரொட்டிக்குச் சம்பல். ஒருவர் பங்குக்கு 30 கிராம் துருவல் என்றால் நிரம்பிய கொழுப்பு 9 கிராம். மத்தியானம் பருப்பிலும் கிழங்குக் கறியிலும் முதல் பால். ஒருவருக்கு 50 மில்லிலீற்றர் என்று வைத்தால் இன்னும் 10 கிராம். தாளிக்கவும் பொரிக்கவும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 12 கிராம். கூட்டினால் 31. இதற்குள் பட்டர், பால்மா, கடையில் வாங்கிய ரோல்ஸ் எதுவும் சேரவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: தேங்காயை விட வேண்டாம், மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுங்கள். என்னைக் கேட்டால் எண்ணெயை விடுவேன். சம்பலுக்கும் சொதிக்கும் தேங்காய் இல்லாமல் ருசி இல்லை. ஆனால் கடுகும் கறிவேப்பிலையும் வேறு எண்ணெயிலும் வெடிக்கும். துருவலில் நார்ச்சத்தாவது இருக்கிறது, எண்ணெயில் அதுவும் கிடையாது.

எங்கள் தாத்தா பாட்டி தேங்காய் எண்ணெயைத்தானே சாப்பிட்டார்கள்? அவர்களுக்கு ஒன்றும் வரவில்லையே?

அவர்கள் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை யோசிக்க வேண்டும். தேயிலை விளையும் உயரத்தில் தென்னை சரியாகக் காய்க்காது. குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கத்திலிருந்து மலையேறி வருகிற தேங்காய், லயத்துக் குடும்பத்துக்கு எப்போதுமே கைக்கு எட்டிய விலையில் இருந்ததில்லை. கொஞ்சமாக வாங்கி, சொட்டுச் சொட்டாகச் சட்டியில் விட்டார்கள். அந்தச் சொட்டையும் நாள் முழுக்க மலை ஏறி இறங்கிக் கரைத்தார்கள். அப்புறம், அவர்கள் காலத்தில் யார் போய்க் கொலஸ்ட்ரோல் பார்த்தார்கள்? நெஞ்சு வலித்து இறந்தவரை "திடீரென்று போய்விட்டார்" என்று சொல்லி அடக்கம் செய்ததுதான் பெரும்பாலும் நடந்தது.

சரி, அப்படியானால் எந்த எண்ணெயைத்தான் வாங்குவது?

நிரம்பிய கொழுப்பு குறைவாக உள்ள ஒரு எண்ணெய் அன்றாடப் பாவனைக்கு. தேங்காய் எண்ணெய் ஒரு சின்னப் போத்தல், ருசி வேண்டிய கறிக்கு மட்டும். இரண்டு போத்தல் போதும்.

முதல் போத்தலுக்குச் சூரியகாந்தி, சோயா, கச்சான், நல்லெண்ணெய், கனோலா என்று எதுவும் சரி. நூறு கிராமில் இருக்கும் நிரம்பிய கொழுப்பைப் பார்த்தால் கனோலாவில் சுமார் 7 கிராம், சூரியகாந்தியில் 10 அல்லது 11, நல்லெண்ணெயில் 14, சோயாவில் 15, கச்சான் எண்ணெயில் 17. தேங்காய் எண்ணெயின் 90-க்குப் பக்கத்தில் இவற்றை வைத்துப் பாருங்கள். 7-க்கும் 17-க்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆகவே இவற்றுள் அந்த மாதம் எது மலிவோ அதை எடுக்கலாம். மாற்றி மாற்றி வாங்கினாலும் நல்லதுதான். சோயாவிலும் கனோலாவிலும் ஒமேகா-3 என்ற நல்ல வகைக் கொழுப்பு கொஞ்சம் இருக்கிறது, மற்றவற்றில் அது இல்லை என்றே சொல்லலாம்.

நல்லெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல ஆசை. தீபாவளிக்குத் தலையில் வைக்கவும் இட்லிப் பொடியில் குழைக்கவும் மட்டும் என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டோம். எள்ளில் இயற்கையாகவே இருக்கும் சில பொருட்கள் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் காக்கின்றன. பருப்புத் தாளிப்பதற்கும், லீக்ஸ், கோவா வதக்குவதற்கும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். மணமே பாதி வேலையைச் செய்துவிடும். விலை அதிகம் என்பது உண்மைதான். பொரிப்பதற்கு அதை ஊற்ற வேண்டியதில்லை.

போத்தலில் வெறும் "மரக்கறி எண்ணெய்" என்று எழுதியிருக்கிறது. அது என்ன எண்ணெய்?

பெரும்பாலும் பாம் எண்ணெய். பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் "பாம் ஒலீன்" என்று இருக்கிறதா பாருங்கள். பாம் எண்ணெயில் பாதிக்குப் பாதி நிரம்பிய கொழுப்பு. தேங்காய் எண்ணெயை விடக் குறைவு, சூரியகாந்தியை விட மிகக் கூட. 2021 ஏப்ரலில் அரசாங்கம் பாம் எண்ணெய் இறக்குமதியையும் புதிதாகப் பாம் மரம் நடுவதையும் தடை செய்தது நினைவிருக்கலாம். அந்தத் தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் மண்ணும் தண்ணீரும்; உடம்புக்குக் கூடாது என்று அல்ல. பொரிப்பதற்கு அது சூட்டைத் தாங்கும், மலிவும் கூட, அதனால்தான் கடைக்காரர்கள் விரும்புகிறார்கள். வீட்டில் அன்றாடம் ஊற்ற வேறு எண்ணெய் கிடைக்கும்போது இதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

"கொலஸ்ட்ரோல் இல்லாதது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே?

செடியிலும் மரத்திலும் இருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரோல் கிடையாது, தேங்காய் எண்ணெய் உட்பட. அந்த வரியை விட்டுவிட்டுப் பின்பக்கத்து அட்டவணையில் நிரம்பிய கொழுப்பு எத்தனை கிராம் என்று பாருங்கள்.

நுவரெலியாவில் எங்கள் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துவிடுகிறது. கலப்படமா?

இல்லை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உறையும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில்தான் இருக்கிறது. ஆகவே அங்கே அது உறையாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பாதி உறைந்து, மேலே பாதி தண்ணீராகவே நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கக்கூடும். ஆனால் இதை வைத்து மட்டும் கடைக்காரரோடு சண்டைக்குப் போக முடியாது. உறைவது படிப்படியாகத்தான் நடக்கும். பாம் எண்ணெயும் குளிரில் கலங்கிக் கட்டி தட்டும்.

உறைந்ததை உருக்கப் போத்தலை அடுப்போரத்தில் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் இளகும். வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் நிறுத்தினால் போதும். அகல வாய்ப் போத்தலில் வைத்துக் கரண்டியால் வழித்தெடுப்பது இன்னும் வசதி. கரண்டி காய்ந்திருக்க வேண்டும்; ஈரம் பட்டால் எண்ணெய் சீக்கிரம் கெடும். வழித்தெடுப்பதில் இன்னொரு இலாபமும் உண்டு, எவ்வளவு எடுத்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

வெர்ஜின் தேங்காய் எண்ணெய் உடம்பைக் குறைக்கும் என்கிறார்களே?

மணம் நன்றாக இருக்கும். நிரம்பிய கொழுப்பு சாதாரண தேங்காய் எண்ணெயில் உள்ள அதே அளவுதான். உடம்பு உடனே எரித்துவிடும் என்று சொல்லப்படுகிற வகைக் கொழுப்பு தேங்காய் எண்ணெயில் சிறு பங்குதான். பாதியளவு இருப்பது லோரிக் அமிலம், அது பெரும்பாலும் மற்ற நிரம்பிய கொழுப்பைப் போலவே நடந்துகொள்கிறது. ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி, எந்த எண்ணெயானாலும். காலையில் வெறும் வயிற்றில் குடித்து யாரும் மெலிய முடியாது.

கடையில் அளந்து ஊற்றித் தரும் சில்லறை எண்ணெய் வாங்கலாமா?

முழுப் போத்தல் வாங்கக் கையில் காசில்லாத நாளில் அதைத்தானே வாங்க முடியும்? வாங்கக் கூடாது என்று சொல்வது சுலபம். ஆனால் சிலதைப் பார்த்து வாங்க வேண்டும்.

2021 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்த சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் என்ற நச்சு அளவுக்கு மேல் இருந்ததாகக் கண்டுபிடித்து, நாடு முழுக்கப் பேச்சானது. கொப்பரை சரியாகக் காயாமல் பூஞ்சணம் பிடித்தால் அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நச்சு அது. நீண்ட காலம் உடம்பில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். சமையல் சூட்டில் முழுவதும் அழியாது. முறையாகச் சுத்திகரித்தால் பெருமளவு நீங்கிவிடும். ஆகவே உற்பத்தி செய்தவர் பெயரும் திகதியும் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையும் உள்ள சின்னப் போத்தல் கிடைத்தால் அதையே எடுங்கள். சில்லறையில்தான் வாங்க வேண்டும் என்றால், நிறைய விற்பனையாகும் கடையில், கொஞ்சமாக வாங்குங்கள். புகை வாடை, பூஞ்சண வாடை, சிக்கு வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள்.

விளக்கேற்ற என்று மலிவாக விற்கும் எண்ணெயை எக்காரணம் கொண்டும் சமையலுக்கு எடுக்க வேண்டாம். போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அந்தப் போத்தலைச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள், குசினிக்குள் வேண்டாம்.

தீபாவளிக்கு வடையும் முறுக்கும் சுட்ட எண்ணெய் ஒரு சட்டி மிச்சம். கொட்ட மனம் வரவில்லை. என்ன செய்வது?

யாருக்கும் வராது. எண்ணெய் விற்கிற விலையில் கொட்டு என்று சொல்பவரை அடிக்கத்தான் தோன்றும்.

எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அது உடைந்து புதிய பொருட்கள் உண்டாகின்றன. நிறம் கறுக்கும், பிசுபிசுப்பாகும், நுரை தள்ளும், முன்னை விடச் சீக்கிரம் புகையும். இப்படிக் கெட்டுப்போன பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பாவிக்கக் கூடாது என்று இந்தியாவில் விதியே இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை, கண்ணும் மூக்கும்தான்.

முதல் தடவை பொரித்து முடித்ததும் ஆறவிட்டு, அடியில் கருகிக் கிடக்கும் துகள்களை மெல்லிய துணியில் வடித்து, மூடி போட்ட போத்தலில் இருட்டில் வையுங்கள். துகளோடு வைத்தால் அந்தத் துகளே எண்ணெயைக் கெடுக்கும். அதை அடுத்த சில நாட்களுக்குள் தாளிப்புக்கோ மரக்கறி வதக்கவோ கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடலாம். மறுபடி ஒருமுறை பொரிக்கலாமா என்றால், நிறமும் வாடையும் நன்றாக இருந்தால் ஒருமுறை. கருவாடு பொரித்த எண்ணெய்க்கு அந்த ஒருமுறையும் கிடையாது. பழைய எண்ணெயோடு புதியதை ஊற்றிக் கலப்பதுதான் மிக மோசமான பழக்கம்: கெட்டது நல்லதாகாது, நல்லது சீக்கிரம் கெடும்.

முதலிலேயே மிச்சம் வராமல் சுடுவது இன்னும் நல்லது. குழிவான சின்னச் சட்டியில் குறைந்த எண்ணெய் ஊற்றி, இரண்டு மூன்று வடையாகப் போட்டு எடுங்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

பாவிக்க முடியாததைக் காணில் ஊற்றாதீர்கள், அது நேராக ஓடைக்குப் போகும். சாம்பலிலோ பழைய பத்திரிகையிலோ ஊறவைத்துக் குப்பையோடு போடுங்கள்.

மலையில் வடை வெளியே கறுத்து உள்ளே வேகாமல் இருக்கிறது. எண்ணெய் சரியில்லையா?

எண்ணெயில் குற்றமில்லை, உயரம்தான் காரணம். கிட்டத்தட்ட 1870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. வடைக்குள் இருப்பதும் தண்ணீர்தானே. அதனால் உட்பக்கம் அந்தச் சூட்டோடு நின்றுவிட, வெளிப்பக்கம் எண்ணெயின் முழுச் சூட்டில் கருகுகிறது. கொழும்பில் 180 பாகையில் பொரிப்பதை இங்கே 170 பாகை அளவில், சற்றுக் கூடுதல் நேரம் பொரிக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துளி மாவைப் போட்டுப் பாருங்கள். போட்ட உடனே மேலே வந்து சிவந்தால் சூடு அதிகம்; அடியில் போய்ச் சில நொடியில் மெல்ல எழும்பினால் சரி. சூடு மிகவும் குறைந்தாலும் வடை எண்ணெய் குடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விறகு அடுப்பில் சமைக்கிறோம். அதற்கு எந்த எண்ணெய் ஏற்றது?

விறகு அடுப்பில் தீயைத் திருகிக் குறைக்க முடியாது என்பதால் எண்ணெய் புகையும் வரை விட்டுவிடுகிறோம். சுத்திகரித்த சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் 230 பாகை வரை தாங்கும். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் 175-ஐ ஒட்டியே புகையத் தொடங்கும். பட்டர் அதற்கும் முன்னால் கருகும். புகை வந்தால் விறகை வெளியே இழுங்கள்; சட்டியை இறக்கிய பிறகு நல்லெண்ணெயை ஊற்றுவதும் ஒரு வழி. எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூடுங்கள்.

பாணுக்கு மாஜரினா, பட்டரா? நெய்யை என்ன செய்வது?

பழைய கெட்டி மாஜரினில் டிரான்ஸ் கொழுப்பு இருந்தது. கொழுப்புகளிலேயே இதயத்துக்கு மோசமானது அதுதான். சக்தியில் 1 சதவீதத்தைக் கூடத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொதியில் "பகுதி ஐதரசனேற்றப்பட்ட" என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இப்போது வருவனவற்றில் பல பாம் எண்ணெயில் செய்தவை, டிரான்ஸ் குறைவு, உப்பும் நிரம்பிய கொழுப்பும் உண்டு. பட்டரில் பாதி நிரம்பிய கொழுப்பு. நெய்யில் அறுபது சதவீதம். பொங்கலுக்கு ஒரு கரண்டி நெய் விடுவதில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஒவ்வொரு நாளும் பாணில் தடிப்பாகப் பூசுவதுதான் கணக்கைக் கெடுக்கிறது.

பதுளை, மாத்தளைப் பக்கத்தில் பட்டர் ஃப்ரூட் காய்க்கும் காலத்தில் கேட்பாரற்று விழுந்து கிடக்கும். அதை மசித்து, உப்பும் தேசிக்காயும் மிளகும் சேர்த்துப் பாணில் பூசிப் பாருங்கள். அதிலுள்ளது பெரும்பாலும் ஒலிவ் எண்ணெயில் இருக்கிற அதே வகைக் கொழுப்பு. சீனியும் பாலும் போட்டு மட்டும்தான் சாப்பிட வேண்டும் என்று சட்டமில்லை.

ஒலிவ் எண்ணெய்?

நல்ல எண்ணெய்தான். அந்த விலைக்கு ஒரு கிலோ மீனும் ஒரு போத்தல் சோயா எண்ணெயும் வாங்கினால் குடும்பத்துக்கு இன்னும் நல்லது.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் எண்ணெயைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவர்களுக்குச் சொன்ன கட்டுப்பாட்டை அப்படியே பிள்ளையின் தட்டுக்குக் கொண்டுபோகிற வீடுகள் இருக்கின்றன. தாய்ப்பாலின் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு வருடத்தில் கொழுப்பைக் குறைக்கக் கூடாது. 2016-ல் நடந்த நாடளாவிய ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 32 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாட்டின் சராசரி 17. இந்த நிலையில் பிள்ளைக்கு வெறும் சோறும் தண்ணிப் பருப்பும் கொடுத்தால் சின்ன வயிறு நிறையும், சக்தி சேராது.

மசித்த சோறு, பருப்பு, கரட் எதுவானாலும் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ பட்டரோ கொஞ்சம் கெட்டித் தேங்காய்ப் பாலோ சேர்த்துக் கொடுங்கள். கரட்டிலும் கீரையிலும் உள்ள விட்டமின் ஏ சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் கொழுப்பு வேண்டும். முட்டை, நெத்தலி கிடைத்தால் இன்னும் நல்லது. நிறை ஏறவில்லை என்றால் கிளினிக்குக்குக் கொண்டு போகிற அட்டையோடு குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

டொக்டர் கொலஸ்ட்ரோல் கூட என்றார். எண்ணெயை முழுதாக நிறுத்தட்டுமா?

முழுதாக நிறுத்தத் தேவையில்லை. வகையை மாற்றுவதும் பொரியலைக் குறைப்பதும்தான் முதல் வேலை. முதல் பாலுக்குப் பதில் இரண்டாம், மூன்றாம் பாலில் கறி வைக்கலாம். பருப்பு நன்றாகக் கடைந்தால் பால் இல்லாமலே கெட்டியாகும். வாரத்தில் இரண்டு நாள் சாளை, கும்பளா, டின் மீன் என்று எண்ணெய்ச் சத்துள்ள மீன் சேர்த்துக்கொள்ளுங்கள், பொரிக்காமல் குழம்பாக. டின்னில் உள்ள உப்புத் தண்ணீரை வடித்துவிடுங்கள். எண்ணெயைக் குறைத்த இடத்தில் கோதுமை மா ரொட்டி இரண்டு கூடினால் பயனில்லை. சோறும் மாவும் சீனித் தேத்தண்ணியும் கூடும்போது இரத்தத்தில் இன்னொரு வகைக் கொழுப்பு ஏறும்.

தந்த மாத்திரையை, எண்ணெய் மாற்றிவிட்டேன் என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். இதுவரை ஒன்றும் பார்க்காதவர்கள், 35 வயதைத் தாண்டியிருந்தால், அரச வைத்தியசாலைகளில் பிரசரும் சீனியும் இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் உண்டு; ஒரு காலையில் போய் வாருங்கள்.

நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் எவ்வளவு எண்ணெய் சரி?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று தேக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் என்று வையுங்கள். நான்கு பேருக்கு முப்பது நாளைக்கு 1800 மில்லிலீற்றர். இரண்டு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. தேங்காய்ப் பாலும் சம்பலும் இதற்கு வெளியே வருவதால்தான் இந்த அளவோடு நிறுத்துகிறேன். காலையில் இருந்து மலையில் கொழுந்து எடுக்கிறவருக்குக் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும்.

போத்தலைச் சாய்த்து ஊற்றும்வரை எந்தக் கணக்கும் நிற்காது. மாதத் தொடக்கத்தில் போத்தலில் வாரத்துக்கு ஒரு கோடு பேனாவால் போட்டுவிட்டு, தேக்கரண்டியால் அளந்து எடுங்கள். முதல் வாரம் கோட்டைத் தாண்டும். எந்தக் கறியில் தாண்டியது என்று பார்த்தால், பெரும்பாலும் கத்தரிக்காயும் முட்டைப் பொரியலும்தான்.